கறுப்புக் கவுனில் ஒரு படம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் முதலில் ஆணிதான் வந்தது. படம் வர மூன்று வருஷம் ஆயிற்று. நான் தூத்துக்குடியில் காலேஜ் சேர்ந்த அன்றைக்கே அப்பா சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடித்துவிட்டார். ஆணிக்கு இடதுபக்கம் அவர் பட்டம் வாங்கிய படம், வலதுபக்கம் அம்மா டீச்சர் ட்ரெயினிங் முடித்த வருஷத்துக் குரூப் போட்டோ. நடுவில் நான் வரவேண்டும், பி.எஸ்ஸி. முடித்து, கறுப்புக் கவுன் போட்டு, கையில் சுருட்டின காகிதத்தோடு. லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த ஆணி என்னையே முறைக்கும். எனக்குச் சோறு இறங்காது.

அப்பா எங்கள் ஊர் மிஷன் ஸ்கூல் ஹெட்மாஸ்டர். எழுபதுகளில் நாசரேத்துப் பக்கம் ஹெட்மாஸ்டர் என்றால் என்ன என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. அவர் கடைத்தெருவில் வருகிறார் என்றால் பேரப்பிள்ளை எடுத்த ஆள்கூடப் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். அப்பா அடிக்கிற ஆள் இல்லை. ஃபெயிலானதற்காக ஒரு பிள்ளையையும் அவர் தொட்டதில்லை. பொய் சொன்னால் மட்டும் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிடுவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் என்னலே பொய் சொன்ன என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு அடியே பரவாயில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் போட்டோ. ஸ்கூல் குரூப் போட்டோ எடுக்கிற நாளில் யார் நாற்காலியில் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். புதிதாக வந்த வாத்தியார் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், நாற்காலி சும்மா கிடைக்காது தம்பி, இன்னும் கொஞ்ச வருஷம் நில்லுங்க என்று எழுப்பிவிடுவார். வீட்டுப் படம் என்றாலும் அதே சட்டம்தான். பெரியவர்கள் உட்கார வேண்டும், பிள்ளைகள் நிற்க வேண்டும். அம்மா உட்காரலாமா கூடாதா என்பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சண்டை நடக்கும்.

ஸ்கூல் படங்களை எடுக்கத் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வருவார். எங்கள் காலேஜ் படங்களையும் அவர்தான் எடுத்தார். பீச்சுக்குப் போகிற ரோட்டில் மாடியில் ஸ்டுடியோ, கீழே வாசலில் கண்ணாடி போட்ட ஷோகேஸ். அதில் ஒரு படம் வந்துவிட்டால் ஊரே பார்த்த மாதிரி. நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். அவரிடம் கறுப்புக் கவுன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வட்டாரத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பாதிப்பேர் அந்த ஒரே கவுனுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான்.

கவுன் படம் எடுக்கிற வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவோம். சிரிப்பாக இருக்கிறதா? எங்களுக்கு அது சிரிப்பில்லை. பரீட்சை முடிந்தால் ஹாஸ்டல் காலி. ஒருத்தி மணப்பாட்டுக்குப் போவாள், ஒருத்தி சாத்தான்குளத்துக்கு, ஒருத்தி கல்யாணம் முடித்துப் பம்பாய்க்கு. பட்டமளிப்பு விழாவுக்கு அவ்வளவு தூரம் எந்த வீட்டில் கூட்டிக்கொண்டு போவார்கள்? பட்டம் தபாலில் வரும். அதனால் கடைசிப் பரீட்சை முடிந்த சூட்டோடு கும்பலாக ஸ்டுடியோவுக்குப் போய், அந்தக் கவுனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எடுப்போம். அண்ணாச்சி அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். பேப்பரில் நம்பர் வந்திருக்கிறது என்று காட்டினால்தான் படம் கைக்கு வரும். காட்டாதவர்கள் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும், அவரும் அதைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டார்.

எங்கள் கும்பல் போன அன்றைக்கு எனக்குப் படம் எடுக்க மனசே இல்லை. பிசிகல் கெமிஸ்ட்ரி பேப்பரில் நேரம் போதவில்லை. பெரிய கேள்வி ஒன்றைத் தொடாமலே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நான் பிறகு எடுத்துக்கிடுதேன் என்று மெல்ல நழுவப் பார்த்தேன். கூட வந்தவர்கள் விட்டால்தானே. போதாக்குறைக்கு, மகள் படம் பெரிய சைஸில் வேண்டும் என்று அப்பா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

கவுனுக்குள் நுழைந்தால் பாச்சை உருண்டை நாற்றம். அதற்கு முன்னால் போட்டவர்கள் எல்லாருடைய வேர்வையும் அதில் இருந்தது. உப்புக்காற்றில் ஊறி ஊறித் துணி பிசுபிசுவென்று ஒட்டியது. பின்னால் திரையில் ஒரு அரண்மனைப் படிக்கட்டு வரைந்திருந்தது. அண்ணாச்சி கழுத்துக்கு ஒரு முத்துமாலையை நீட்டினார். முத்துக்குளிக்கிற ஊரில் பிளாஸ்டிக் முத்து! வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். கையில் கொடுத்த காகிதம் போன வருஷத்துக் காலண்டர் தாள். அதைச் சுருட்டி ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

மோவாயைக் கீழே, தோளை இந்தப் பக்கம், காகிதத்தை நெஞ்சுக்கு நேரே என்று ஆட்டிவைத்தார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் திரும்ப வெளியே வந்து, தங்கச்சி, கொஞ்சம் சிரிங்க என்றார். எனக்குப் புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு உண்டு. கோபம் வந்தால் விழும். கோபம் வராவிட்டாலும் விழும் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது ஆழமாக விழுந்திருந்தது. எழுதாத கேள்வி நெஞ்சில் நிற்கும்போது எப்படிச் சிரிக்க? அண்ணாச்சி சலித்துக்கொண்டு, சரி, நெகட்டிவ்ல பென்சிலால டச்சப் பண்ணிக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு எடுத்து முடித்தார்.

பண்ணத்தான் செய்தார். கோடு போயிற்று, கன்னத்து அம்மைத் தழும்பு போயிற்று, உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்து சேர்ந்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள் அவள். ஆனால் அவள் யார் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தை ரிசல்ட்டுக்கு முன்னால் அப்பா கையோடு வாங்கி வந்துவிட்டார். ஸ்கூல் படங்களை வாங்கப் போனவர், மகள் படத்தையும் எடுங்க தம்பி என்றிருக்கிறார். அண்ணாச்சி தன் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் மகள் ஃபெயிலாவாளா என்று அப்பா கேட்டாராம். வருஷா வருஷம் ஸ்கூல் வேலை கொடுக்கிற மனுஷனிடம் அவர் என்ன பதில் சொல்வார்? கொடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார், ஒரு காப்பிய ஷோகேஸ்ல வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா தாராளமா வைங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

ரிசல்ட் வரட்டுமே, அதுக்குள்ள என்ன அவசரம் என்று அம்மா கேட்டாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்டூலில் ஏறிப் படத்தை மாட்டிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்தார். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

வினை அந்த ஷோகேஸில்தான் ஆரம்பித்தது. தூத்துக்குடியில் ஒரு டீச்சரம்மா, எங்கள் சபைக்காரர்கள், வீட்டுக்காரர் இல்லை. மகன் புது ஹார்பரில் இன்ஜினியர். பட்டம் வாங்கின பெண்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர் ஷோகேஸில் என்னைப் பார்த்திருக்கிறார். மாடியேறி விசாரித்திருக்கிறார். நாசரேத்து ஹெட்மாஸ்டர் மகள் என்றதும் அவருக்கும் திருப்தி. பாதிரியார் மூலமாக ஆள் வந்தது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜூன் மாதம் பெண் பார்க்க வரலாம், ஆகஸ்டில் கல்யாணம் என்கிற அளவுக்குப் பேச்சு ஓடிவிட்டது.

ஜூன் பிறந்தது, ரிசல்ட் பேப்பர் வந்தது. என் நம்பருக்கு முன் நம்பர் இருந்தது, அடுத்த நம்பர் இருந்தது. நான் இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை பார்த்தார். பிறகு பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிப் போனார்.  மார்க் வந்தபோது தெரிந்தது, அந்த ஒரு பேப்பர்தான். மற்றதெல்லாம் தேறியிருந்தேன். செப்டம்பரில் அதை மட்டும் எழுதினால் போதும்.

மார்க் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னையும் அம்மாவையும் முன்னறையில் உட்காரவைத்துச் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்களாகக் கேட்டால் அவரே சமாளித்துக்கொள்வார். கல்யாணம் முடிந்தால் யார் சர்ட்டிபிகேட்டைக் கேட்கப்போகிறார்கள்?

 பொய் சொல்லச் சொல்கிறார் என்பதைவிட இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. ஆகஸ்டில் கல்யாணம். பாஸான பெண் என்று நம்பிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வீட்டிலிருந்து நான் செப்டம்பரில் என்ன சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போவேன்? பாஸானவளுக்கு எதற்குப் பரீட்சை? போக முடியாது. செப்டம்பரிலும் முடியாது, அடுத்த ஏப்ரலிலும் முடியாது, என்றைக்குமே முடியாது. சாகிறவரைக்கும் எனக்கு இருக்கப்போகிற ஒரே பட்டம் சுவரில் தொங்குகிற அந்தப் படம். அதில் கையில் இருப்பது காலண்டர் தாள்.

நான் இதை அப்பாவிடம் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, நீ வாயத் திறந்து இந்தச் சம்பந்தத்தக் கெடுத்தியானா செப்டம்பரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, எவன் வாரானோ அவனக் கட்டிக்கிட்டுப் போகவேண்டியதுதான் என்றார். அப்ளிகேஷனில் கையெழுத்துப் போடுவதும் அவர், காலேஜில் கொண்டுபோய்ப் பீஸ் கட்டுவதும் அவர். சொன்னாலும் பரீட்சை போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள், பாத்திரம்தான் பேசும்.

அவர்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை வரைக்கும் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நான் கெமிஸ்ட்ரி புஸ்தகத்தைத் திறப்பேன், இது எதற்கு என்று தோன்றும், மூடுவேன். முன்னறைக்குப் போனால் சுவரில் அந்தக் கோடு இல்லாத முகம். சவத்த அப்படியே பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்கலாம் போல ஆத்திரம் வரும். கையை நீட்டக்கூடச் செய்தேன் ஒரு நாள். அப்பா செருப்புச் சத்தம் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு பயம்.

சனிக்கிழமை டாக்சியில் வந்து இறங்கினார்கள். டீச்சரம்மா, மகன், பாதிரியார். டீச்சரம்மா கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டையும் ஒட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. மகன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்திரிக்கொத்தும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். 

எங்கள் வீடுகளில் நல்ல காரியம் எது பேசினாலும் முதலில் ஜெபம். வீட்டுப் பெரியவர்தான் பண்ண வேண்டும். பாதிரியார் அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். எல்லாரும் தலையைக் குனிந்தோம்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. அப்பாவும் யோசித்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சபையில் அப்பா ஜெபம் பண்ணினால் தங்குதடை இல்லாமல் ஓடும். அன்றைக்கும் நன்றாகத்தான் ஆரம்பித்தார். வந்தவர்களுக்காக நன்றி சொன்னார், பிரயாணத்துக்காக நன்றி சொன்னார். "எங்க மகளுக்கு நீர் கொடுத்த..." என்று சொல்லி நிறுத்தினார். அடுத்து வரவேண்டியது படிப்பு, பட்டம், எதுவோ ஒன்று. அது வரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.  பாதிரியார் மெல்ல இருமினார். அப்பா அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஆமென் சொல்லிவிட்டார்.

மனுஷரிடம் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்ட ஆளுக்கு ஆண்டவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அப்பா மேல் கோபமே இல்லை. பாவமாக இருந்தது. என் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இப்போது சொல்லப்போகிறார், நான் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

டீச்சரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். டீச்சர் அல்லவா, கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். ரிசல்ட் வந்துவிட்டதே, என்ன கிளாஸ் என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அப்பாவைத்தான் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். "டீச்சர், நான் இன்னும் பாஸாகல. ஒரு பேப்பர் போயிட்டு. செப்டம்பர்ல எழுதணும். இந்தப் படம் ரிசல்ட்டுக்கு முன்னால எடுத்தது."

 டீச்சரம்மா என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "நாங்க இந்தப் படத்துல இருக்க பிள்ளையத்தான் பாக்க வந்தோம் சார்" என்றார். அவ்வளவுதான். பாதிரியார் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். இன்ஜினியர் எழுந்தார், போகிற போக்கில் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார் என்று அம்மா பிறகு சொன்னாள். டாக்சி தெருமுனை திரும்பும் வரை அப்பா வாசலில் நின்றார்.

உள்ளே வந்தவர், உனக்கு ஒரு ரெண்டு மாசம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா என்று கேட்டார்.  எனக்குப் பயம்தான். ஆனாலும் என் வாய் அடங்குமா? ஸ்கூல்ல பொய் சொன்ன பிள்ளைய வேப்பமரத்தடியில நிறுத்துவீங்களே, நம்ம வீட்டுல மரம் இல்லைனு நினைச்சீங்களா என்று கேட்டுவிட்டேன். அப்பா கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். கேட்கவேண்டியதுதான். இருந்தும் அந்தச் சாத்தின கதவு என்னை என்னமோ செய்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. மக்ரூன் டப்பாவை அம்மா தொடமாட்டேன் என்றாள். நான்தான் ஆத்திரத்தில் முழுவதையும் தின்று தீர்த்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் சுவரில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாள் ஓடியது. பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியது. அம்மா ஒரு தடவை பேச்செடுத்தாள், அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செப்டம்பரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது என்றவர் சொன்னதைச் செய்கிற ஆள். நான் புஸ்தகத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கிளம்புளா என்றார். எங்கே என்று கேட்கப் பயம். தூத்துக்குடி பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். இன்னொரு மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். உப்பளம் வெள்ளை வெள்ளையாக ஓடியது. 

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஸ்டுடியோவுக்கு நடந்தார். கீழே ஷோகேஸில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். மாடியில் கூட்டம். யாரோ குழந்தைக்கு ஆண்டு நிறைவுப் படம் எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அண்ணாச்சி வாங்க சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. எங்க மகள் படத்த ஷோகேஸ்ல இருந்து எடுத்துருங்க தம்பி என்றார். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் சார், நல்லாத்தானே இருக்கு, பாக்கிறவங்க எல்லாரும் கேக்காங்களே என்று இழுத்தார். நெகட்டிவைத்தான் கேட்கிறாரோ என்று பெட்டியைத் திறக்கப் போனார்.

"இவ இன்னும் பாஸாகல" என்றார் அப்பா.

ஸ்கூல் அசெம்பிளியில் பேசுகிற குரல் அது. குழந்தையோடு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர் அப்பாவிடம் படித்தவர், எழுந்து நின்றுவிட்டார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. உங்க சட்டத்த நான்தான் மீறவச்சேன், தப்பு என்னோடது, எடுங்க என்றார். அண்ணாச்சி சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நேரே காலேஜ். சட்டைப்பையிலிருந்து அப்ளிகேஷனை எடுத்தார். அது என்றைக்கோ பூர்த்தியாகிக் கையெழுத்தும் போட்டாகியிருந்தது. என்னிடம் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார், கடங்காரர்! நான் அன்றைக்குச் சிந்தின வேர்வைக்கு யார் பதில் சொல்வது?

செப்டம்பர் பரீட்சை அன்றைக்கு அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். காலேஜ் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். நிழலில் நில்லுங்களேன் என்றால் கேட்கவில்லை. கேள்வித்தாளில் அந்தப் பழைய கேள்வி வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருக்கலாம், அத்தனை தடவை அதைப் போட்டுப் பார்த்திருந்தேன். வந்ததை எல்லாம் எழுதினேன். மணியடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

டிசம்பரில் நம்பர் வந்தது. கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா எண்ணெய்க் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார், ஸ்தோத்திரம் என்றார், நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போறோம் என்றார்.

அண்ணாச்சி ரொம்ப சந்தோஷப்பட்டார். பழைய நெகட்டிவ் பத்திரமா இருக்கு சார், மறுபடி எடுக்க வேண்டாம், ஒரு பிரிண்ட் போட்டாப் போதும் என்றார். அப்பா வேண்டாம் என்றார், இவளையும் என்னையும் சேர்த்துப் புதுசா எடுங்க என்றார். அதே கவுன்தான். கீழ்ஓரம் இன்னும் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதே அரண்மனைப் படிக்கட்டு, அதே பிளாஸ்டிக் முத்து. அண்ணாச்சி வழக்கம்போலத் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாங்க சார், உக்காருங்க என்றார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எங்கே நிற்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே தெரியும்.

அப்பா நாற்காலியைக் கையால் தட்டினார். "நீ உக்காரு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சிக்கு அதைவிட விளங்கவில்லை. சார், நீங்க நின்னு மக உக்காந்தா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க, பெரியவங்கதான உக்காரணும் என்று கெஞ்சினார். அப்பா அவரைச் சட்டைசெய்யவில்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினார். உட்கார்ந்தேன். அவர் பின்னால் போய் நின்றுகொண்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூலில் எத்தனையோ பேரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்ட கை அது. என் புருவக்கோடு ஆழமாக விழுந்தது, அழாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணாச்சி பென்சிலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதத் தொடாதீங்க, அவ மூஞ்சி அதுதான் என்றார் அப்பா.

அந்தப் படம்தான் ஆணியில் ஏறியது, அப்பா கண்மூடுகிறவரைக்கும் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். என்ன சார், மக உக்காந்திருக்கா, நீங்க நிக்கீங்க என்று கேட்காமல் போனவர்கள் கிடையாது. கேட்பதற்கென்றே காத்திருந்த மாதிரி அப்பா கையிலிருக்கிற பேப்பரை மடித்து வைப்பார். பிஷப் வந்தாலும் அதே பதில்தான், பால்காரர் வந்தாலும் அதே பதில்தான், என்னைக் கட்டிக்கொள்ள வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர்கள் உட்காரும் முன்னாலேயே சொல்லிவிட்டார். "இவ முதல் தடவ ஃபெயிலாயிட்டா. நான் அத மறைக்கப் பாத்தேன். இவ மறைக்கல, மறுபடி எழுதிப் பாஸானா. அதான் அவ உக்காந்திருக்கா."

ஏன்ப்பா, ஊருக்கெல்லாம் நான் ஃபெயிலானதச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க என்று நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை.